டபுள் பேஸா, எலெக்ட்ரிக் பேஸா? மேடையில் எது எப்படி

வயலின் வடிவில் ஆளுயரம் இருக்கும் டபுள் பேஸ், கிட்டார் போலத் தோளில் மாட்டும் எலெக்ட்ரிக் பேஸ், இரண்டிலும் தந்திகள் இ, ஏ, டி, ஜி ஸ்வரங்களில், கீழ்த் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதனால் ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. டபுள் பேஸின் தந்தி நீளம் சுமார் 105 செ.மீ., எலெக்ட்ரிக்கில் பெரும்பாலும் 86 செ.மீ.; முன்னதில் ஃப்ரெட்டும் (ஸ்வர இடங்களைக் காட்டும் உலோகப் பட்டை) இல்லை, விரல் கொஞ்சம் நகர்ந்தாலே சுருதி விலகும்.

ஆனால் நிஜமான வித்தியாசம் ஒலிபெருக்குவதில்தான். எலெக்ட்ரிக்கில் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது, டிரம்ஸ் பக்கத்தில் சத்தத்தை ஏற்றினாலும் அடம்பிடிக்காது. டபுள் பேஸ் அப்படியில்லை; அது உள்ளே காலியான பெரிய பெட்டி, ஸ்பீக்கரின் ஒலியே அதை அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடி பிக்கப்புக்குள் (அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) போய் ஊளையிடத் தொடங்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையில் பொருத்தும் பீசோ வகைப் பிக்கப்பை நேராகச் சாதாரண ஆம்பில் (ஒலிபெருக்கி) செருகினால் ஒலி மெலிந்து கரகரக்கும், 1 மெகாஓமோ அதற்கு மேலோ உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) உள்ள ப்ரீஆம்ப், அதாவது ஆம்புக்கு முன் சிக்னலைச் சீராக்கும் பெட்டி, இடையில் வேண்டும். அதில் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரும், சிக்னலைத் தலைகீழாக்கி ஊளையைக் குறைக்க உதவும் ஃபேஸ் சுவிட்சும் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். ஆம்பை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

சத்தமான ராக் மேடை, குறுகிய இடம், அவசரப் பயணம் என்றால் நான் யோசிக்காமல் எலெக்ட்ரிக்கை எடுப்பேன். சின்ன ஜாஸ் குழு என்றால் டபுள் பேஸ்தான், எவ்வளவு சுமந்தாலும் சரி. விரலால் மீட்டும்போது எழுந்து அடங்கும் அந்த மர ஒலியும், வில்லால் இழுக்கும் நீண்ட ஸ்வரமும் எலெக்ட்ரிக்கில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.