எஸ்.ஏ.ஆர். அட்டையா, டெல்டா-சிக்மா அட்டையா? வடிகட்டியை வைத்து ஓர் ஒப்பீடு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சோதனைப் பிரிவுக்குத் தரவு சேகரிப்பு அட்டை (உணரிகளின் மின்சைகைகளை எண்களாக்கிக் கணினிக்குத் தருவது) வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் பிட் எண்ணிக்கையையுமே ஒப்பிடுகிறார்கள். தேவையற்ற அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஸ்.ஏ.ஆர்., டெல்டா-சிக்மா என்பவை, அட்டைக்குள் மின்சைகையை எண்ணாக்கும் மாற்றியின் இரு வகைகள்.

நொடிக்கு 1000 மாதிரிகள் (அதாவது 1000 முறை சைகையின் அளவு) எடுக்கும் அட்டைக்குள் 1050 ஹெர்ட்ஸ் இரைச்சல் நுழைந்தால், அது 50 ஹெர்ட்ஸ் அலையாகப் பதிவாகும். மலேசிய மின்விநியோகமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பார்ப்பவர் அதை மின்கம்பி இரைச்சல் என்று நம்பி, குறையே இல்லாத எர்த் இணைப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். மாதிரி எடுத்து முடிந்த பிறகு, உண்மையான 50 ஹெர்ட்ஸிலிருந்து இந்தப் போலியைப் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் இயலாது.

எஸ்.ஏ.ஆர். வகையில் இதைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் மாற்றிக்கு முன்னுள்ள அனலாக் வடிகட்டியையே சார்ந்தது. 1.6 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்த எளிய ஆர்.சி. வடிகட்டியில் வெட்டு அதிர்வெண் (அதற்கு மேற்பட்ட அலைகள் படிப்படியாகக் குறைக்கப்படும் எல்லை) ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் ஆகும். ஆனால் 10 கிலோஹெர்ட்ஸ் இரைச்சலில்கூடப் பத்தில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஆகவே, மாதிரி வீதத்தைப் பல மடங்கு உயர்த்த வேண்டும், அல்லது இன்னும் செங்குத்தாக வெட்டும் நான்காம் படி வடிகட்டிக்குச் செலவு செய்ய வேண்டும். மலிவான பல அட்டைகளில் ஒரே மாற்றியை எல்லாத் தடங்களும் (உள்ளீட்டு வழிகளும்) பகிர்ந்துகொள்கின்றன. வடிகட்டியோ இருப்பதே இல்லை.

டெல்டா-சிக்மா மாற்றி, வெளியீட்டு வீதத்தைப் போல 64 அல்லது 128 மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்து, உள்ளிருக்கும் இலக்க வடிகட்டியால் தேவையற்ற அதிர்வெண்களைச் செங்குத்தாக வெட்டிய பிறகே வீதத்தைக் குறைக்கிறது. போலி அலையாக மடங்கக்கூடிய அதிர்வெண்கள் வெகு தொலைவுக்குத் தள்ளப்படுவதால், முன்னால் எளிய ஆர்.சி. வடிகட்டி ஒன்றே போதும். இதற்கு ஈடாகத் தாமதத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. வடிகட்டியின் தாமதம் 39 மாதிரிகள் என்றால், நொடிக்கு 1000 மாதிரி வீதத்தில் அது 39 மில்லி நொடி. தடத்தை மாற்றும்போதெல்லாம் வடிகட்டி நிலைபெறும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

மோட்டார் அதிர்வை ஆராய்வோருக்கு டெல்டா-சிக்மாவையே பரிந்துரைப்பேன். அங்கே தாமதம் பொருட்டல்ல, போலி அலைதான் ஆபத்து. அளவீட்டைக் கொண்டு இயந்திரத்தை உடனுக்குடன் கட்டுப்படுத்துவோர் எஸ்.ஏ.ஆர். பக்கமே நிற்கட்டும், ஆனால் தடத்துக்கு ஒரு வடிகட்டி என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெப்ப அளவீட்டுக்கு இரண்டுமே பொருந்தும்: முன்னே ஓர் எளிய ஆர்.சி. இருந்து, 20 மில்லி நொடி முழுவதற்கும் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாக அடங்கிவிடும்.