கோத்தகிரி குளிர்ல 9 வருஷமா ஓடுற கம்ப்ரஸர்: மோட்டார் எடுக்காம உம்முனு நின்னா நான் முதல்ல பாக்கறது

2016ல வாங்குனதுங்க. 2 ஹெச்பி, சிங்கிள் ஃபேஸ், ரெண்டு சிலிண்டர், 160 லிட்டர் டேங்க். கோத்தகிரில இருந்து கட்டபெட்டு போற ரோட்டுல சின்னதா ஒரு பட்டறை வெச்சிருக்கேன், பஞ்சர், வாட்டர் சர்வீஸ், அப்பப்ப வண்டிக்கு பெயிண்டும் அடிப்போம். இலை ஏத்தப் போற பிக்கப் வண்டிங்க காலைல 6:30க்கே காத்து புடிக்க வந்து நிக்கும், அந்த நேரம் பாத்து மோட்டார் எடுக்கலைன்னா அன்னைக்கு பொழப்பே போச்சு. அதனால இந்த மெஷினோட ஒவ்வொரு சத்தமும் எனக்கு மனப்பாடம்.

முதல் தடவ படுத்தது 2018 டிசம்பர். சுவிட்ச் போட்டா உம்ம்ம்னு ஒரு சத்தம், புல்லி லேசா ஒரு ஆட்டம் ஆடி நிக்குது, பத்து செகண்ட்ல எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) விழுந்துருது. மோட்டார் எரிஞ்சுருச்சுன்னே முடிவு பண்ணி கழட்டி ஜீப்ல போட்டு கீழ ஒரு வைண்டிங் கடைக்கு கொண்டு போனேன், அவங்களும் காயில் போச்சுன்னு சொல்லி புதுசா கட்டிக் குடுத்தாங்க, 4,500 ரூபா. கொண்டு வந்து மாட்டி நாலு நாள் நல்லா ஓடுச்சு, அஞ்சாவது நாள் காலைல மறுபடி அதே உம்ம்ம். அன்னைக்கு வந்த வயித்தெரிச்சல் இன்னும் மறக்கல.

அப்புறம் மேட்டுப்பாளையத்துல இருந்து கம்ப்ரஸர் வேலை மட்டுமே பாக்குற ஒரு அண்ணனை கூப்ட்டேன். அவர் ஸ்பேனரே எடுக்கலைங்க. நேரா டேங்குக்கு அடியில இருக்குற, தண்ணி வடிக்கற குழாயை (ட்ரெயின் காக்) தொறந்து இருந்த காத்தையெல்லாம் விட்டாரு, பிரஷர் கேஜ் முள்ளு ஜீரோவுக்கு வந்ததும் "இப்ப போடுங்க தம்பி"ன்னாரு, போட்டேன், சுத்த ஆரம்பிச்சுருச்சு. "மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது, தலைமேல பாறாங்கல்லை வெச்சுட்டு எந்திரின்னா எப்புடிங்க எந்திரிக்கும்"னாரு.

விஷயம் இதுதான். ஹெட்ல (சிலிண்டரோட தலைப்பகுதி) இருந்து டேங்குக்கு வர்ற டெலிவரி பைப் டேங்க்ல சேர்ற எடத்துல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருக்கும், டேங்க் காத்து திரும்பி மேல ஏறாம தடுக்கறது அதுதான். டேங்க் நெறைஞ்சதும் மோட்டாரைத் தானா நிறுத்தற பிரஷர் சுவிட்சுல ஒரு குட்டி அன்லோடர் வால்வு இருக்கும், மெஷின் ஆட்டோ கட் ஆகும்போது "புஸ்ஸ்"னு ரெண்டு மூணு செகண்ட் ஒரு சத்தம் வருதே, அது இந்த வால்வு பைப்லயும் ஹெட்லயும் மிச்சமிருக்கற காத்தை வெளிய விடற சத்தம். அந்தக் காத்து போனாத்தான் அடுத்த தடவ மோட்டார் லோடு இல்லாம எடுக்கும். புஸ்ஸு வரவே இல்லைன்னா அன்லோடர் ஒட்டிக்கிச்சு. வந்துட்டு நிக்காம சீறிக்கிட்டே இருந்தா நான் ரிட்டர்ன் வால்வு லீக்கு.

என் மெஷின்ல அந்த நான் ரிட்டர்ன் வால்வும் லீக்கு, அதுபோக தப்பு எங்க கையிலயும் இருந்துச்சு. பட்டறைல இருந்த தம்பி சாயங்காலம் வீட்டுக்கு கெளம்பும்போது மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே செவுத்து சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு போயிருவான். செவுத்துல ஆஃப் பண்ணா கரண்ட் போகும், ஆனா அன்லோடர் தொறக்காது, பிரஷர் சுவிட்ச் மேல இருக்கற லீவரைத் திருப்பி ஆஃப் பண்ணாத்தான் தொறக்கும். அப்ப ராத்திரி பூரா டேங்க் காத்து வால்வு வழியா மேல ஏறி ஹெட்டு மேல ஒக்காந்துக்கும், காலைல பாவம் மோட்டார் என்ன பண்ணும்.

கரண்ட் கட்டும் இதே கணக்குதான். இங்க காத்தடிச்சா எங்கயாவது மரம் லைன் மேல விழும், பாதி ஓட்டத்துல மெஷின் நின்னுரும், கரண்ட் திரும்பி வரும்போது ஹெட்ல காத்தோட உம்முனு கத்திக்கிட்டு நிக்கும், அந்த நேரம் பக்கத்துல ஆள் இல்லைன்னா காயில் நெஜமாவே வெந்துரும். இப்பெல்லாம் கரண்ட் போனா முதல்ல லீவரைத்தான் திருப்பறோம், அப்புறந்தான் மத்த வேலை.

வால்வைக் கழட்டிப் பாத்தப்ப (டேங்க் முழுசா காலி, பிளக்கும் புடுங்கியாச்சு, இது ரெண்டும் இல்லாம யாரும் கை வெச்சுராதீங்க) உள்ள பத்து பைசா அளவுல ஒரு ரப்பர் வட்டு, சூட்டுல கருகி கல்லு மாதிரி ஆகி, நடுவுல மோதிரம் அழுத்தின மாதிரி பள்ளம், ஓரத்துல ஒரு துருத்துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் துணுக்குக்குத்தான் 4,500 ரூபா அழுதிருக்கேன்.

ஜீரோ பிரஷர்லயும் எடுக்கலைன்னா அடுத்து நான் பாக்கறது வோல்டேஜ். சும்மா இருக்கும்போது மீட்டர் வெச்சா 215 காட்டும், நம்பாதீங்க, மோட்டார் எடுக்கற அந்த ஒரு நொடில எவ்வளவு காட்டுதுன்னு பாக்கணும். எனக்கு 170க்கு விழுந்துச்சு, காரணம் மெயின் போர்டுல இருந்து 40 மீட்டர் தூரம் 1.5 எம்எம் ஒயர் இழுத்திருந்தேன். வோல்டேஜ் முக்கால் பங்கு ஆனா மோட்டாரோட இழுவை முக்கால் ஆகாதுங்க, பாதிக்கு வந்துரும். 4 எம்எம் ஒயர் மாத்தினதும் 200கிட்ட நின்னுச்சு, பாதி தொல்லை அன்னைக்கே தீர்ந்துச்சு.

அதுக்கும் அப்புறந்தான் கண்டன்சர், மோட்டார் எடுக்கறதுக்கு உந்துதல் குடுக்கறது. 2021ல ஒண்ணு தலை உப்பிப் போச்சு, புதுசு மாட்டினேன், அதே மைக்ரோஃபாரட் அதே வோல்டேஜ் பாத்து வாங்கணும். கழட்டறதுக்கு முன்னாடி சப்ளையை எடுத்துட்டு ஒரு பழைய குண்டு பல்பை ரெண்டு முனைலயும் வெச்சு சார்ஜை எறக்கிருங்க. 2023ல சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் புடிச்சதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கறது) காண்டாக்ட் கருப்படிச்சிருந்துச்சு, ஜீரோ நம்பர் உப்புத்தாள்ல தேச்சு சரி பண்ணியாச்சு. சத்தமே இல்லாம செத்த மாதிரி கெடந்தா அது வேற கதை, பிரஷர் சுவிட்ச் காண்டாக்ட், ஓவர்லோடு ரிலே (லோடு கூடினா கரண்டை வெட்டறது), ஒயர் கழண்டிருக்கான்னு பாருங்க.

மலைக்குன்னே ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ஆயில். அவசரத்துக்கு லாரி எஞ்சின் ஆயிலை ஊத்தி வெச்சிருந்தேன், ஜனவரி காலைல அது வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகி ஃப்ளைவீலைக் கையால சுத்தவே மூச்சு வாங்குச்சு. இப்ப கம்ப்ரஸர் ஆயில் மட்டுந்தான், ஆயில் மட்டம் பாக்கற கண்ணாடில பால் டீ கலர் தெரிஞ்சா தண்ணி கலந்துருச்சுன்னு உடனே மாத்திருவேன். இன்னொண்ணு உயரம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர், கடலோர ஊரை விட அஞ்சுல ஒரு பங்கு காத்து கம்மி, அதனால டேங்க் நெறைய கூடுதல் நேரம் ஆகும், மோட்டாரும் அவ்வளவு நேரம் சூடாகும். கீழ ஓடுற அதே மெஷினோட ஒப்பிட்டு பிஸ்டன் ரிங் போச்சுன்னு யாராவது சொன்னா ஒடனே பிரிச்சுராதீங்க.

ஐப்பசி கார்த்திகை மழைல தினமும் சாயங்காலம் ட்ரெயின் காக்கைத் தொறந்தா ஒரு டம்ளருக்கு மேல துருத்தண்ணி வருது, அதைப் பாக்கும்போதுதான் டேங்க் நெனப்பு வருது. மோட்டார் பயம் போயிருச்சு, ஆனா 9 வருஷ டேங்கோட அடித்தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு வெளிய இருந்து தெரியாது, தை பொறந்து வேலை கொஞ்சம் கொறைஞ்சதும் கீழ எறக்கி தண்ணி நெரப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணப் போறேன்.