அக்குளில் நெறி, கையில் மூன்று வார லீவு: தர்மபுரி – கிருஷ்ணகிரி ஸ்கேன் அனுபவம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ஃப்ளூ, கோவிட் பூஸ்டர் என்று ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊசி போட்டுக்கொண்டு பலரும் விமானம் ஏறுகிறார்கள். வந்து இறங்கிய மூன்றாம் நாள், ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டுகிறது. "லீவுதானே, ஒரு ஃபுல் செக்கப் பார்த்துடலாம்" என்று மேமோகிராமுக்கும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனுக்கும் அதே வாரம் நாள் குறித்திருப்பார்கள். வீண் பயமும் வீண் ஊசிக்குத்தலும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

மேல்கையில் போட்ட மருந்தின் நிணநீர் அக்குள் கணுக்களுக்குத்தான் முதலில் வடிகிறது. கிருமியை அடையாளம் காணும் செல்கள் அங்கே பெருகுவதால் கணு வீங்குகிறது; அதைத்தான் நெறி என்கிறோம். மாடர்னா கோவிட் ஊசி ஆய்வுகளில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அக்குள் வீக்கமோ வலியோ இருந்தது. தோளுக்கு நெருக்கமாக, கொஞ்சம் மேலே தள்ளிக் குத்திவிட்டால் காறை எலும்புக்கு மேலேயும் நெறி வரும். கைக்குத் தட்டுப்படும் வீக்கம் பெரும்பாலும் பத்து நாளில் அடங்கிவிடும். ஸ்கேனில் மட்டும் அது பல வாரம் தெரிந்துகொண்டே இருக்கும். லீவோ மூன்று வாரம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அல்ட்ராசவுண்டு சுலபமாகக் கிடைக்கிறது. போனில் கேட்க வேண்டியது, ரேடியாலஜி டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார் என்பது. சில சென்டர்களில் அவர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருவார். செக்கப் பேக்கேஜில் வருவது வயிற்று ஸ்கேன். அக்குள் அதில் சேராது. சீட்டில் "இரண்டு அக்குள், கழுத்து இரண்டு பக்கம்" என்று தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. முன்மேசையில் பழக்க தோஷத்தில் "அக்கா, தண்ணி குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்பார்கள். இந்த ஸ்கேனுக்குத் தண்ணீரும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். கையைத் தலைக்கு மேல் தூக்க வசதியான, முன்பக்கம் திறக்கும் உடுப்பு போதும்.

திரையில் நல்ல கணு மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். வெளியே மெல்லிய கருப்புப் பட்டை, நடுவில் வெள்ளையாகக் கொழுப்பு. கருப்புப் பட்டை 3 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. ஊசியால் வீங்கிய கணுவில் இந்தப் பட்டை சுற்றிலும் சீராகத் தடிக்கும். நடு வெள்ளை அப்படியே நிற்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் படத்தில் அது நடுவிலிருந்து கிளைவிடும். நடு வெள்ளை காணாமல் போவது, கொட்டை உருண்டையாவது, பட்டை ஒரு இடத்தில் மட்டும் புடைப்பது, ஓரத்திலிருந்து ரத்தம் நுழைவது, இவைதான் கவலைக்குரியவை. ஆனால் ஊசிக்குப் பிந்தைய கணுவும் சில நேரம் இப்படி முகம் காட்டும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாத அந்த இடத்தில் கைகொடுப்பது ஊசி போட்ட தேதிதான்.

அந்தத் தேதிதான் ரிப்போர்ட்டில் இருப்பதில்லை. "இடது அக்குளில் நிணநீர்க் கணு வீக்கம், எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை) செய்யவும்" என்று ஒற்றை வரி மட்டும் வரும். கேட்காத விவரத்தை டாக்டர் எப்படி எழுதுவார்? ஊசியின் பெயர், தேதி, எந்தக் கை, எத்தனையாவது டோஸ், நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதி ஸ்கேனுக்கு முன்பே கொடுங்கள். ரிப்போர்ட்டில் அதோடு கணுவின் நீளம், அகலம், பட்டைத் தடிமன் மில்லிமீட்டரில் வர வேண்டும். ஊசி போட்ட பக்கம் மட்டும் கணு, மார்பில் ஒன்றும் இல்லை, புற்றுநோய் வரலாறும் இல்லை என்றால் அவசரமாகக் குத்திப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்க மார்பகப் படிமவியல் சங்கம் 2021-ல் மேமோகிராமைச் சில வாரம் தள்ளிப்போடலாம் என்றது. 2022-ல் அதை மாற்றி, பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், கணுவை மட்டும் 12 வாரமோ அதற்குப் பிறகோ மறுபடி பாருங்கள் என்றது. அந்த மறு ஸ்கேன் நம் லீவுக்குள் அடங்காது. ஊரில் அளவெடுத்து, வேலை பார்க்கும் நாட்டில் ஒப்பிடுவதுதான் சரியான வழி.

மேமோகிராம் அன்று அக்குளில் பவுடரோ டியோடரண்டோ கூடாது. வெயிலுக்குப் பவுடர் இல்லாமல் யார் வெளியே கிளம்புகிறார்கள்? ஆனால் படத்தில் அது சுண்ண (கால்சியம்) புள்ளி மாதிரி விழுந்து ஆளைக் கலங்கடிக்கும். கையில் பச்சை குத்திய அம்மா, பாட்டிகளை அழைத்துப் போனால் அதையும் சொல்லுங்கள். பச்சையின் மை அக்குள் கணுவில் போய்ச் சேர்ந்து அதே போல வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியக்கூடும்.

ஏற்கெனவே புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கதிரியக்கச் சர்க்கரை மருந்து ஏற்றி எடுக்கும் பெட் (PET) ஸ்கேனுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போவது வழக்கம். சுமார் 90 கி.மீ. ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடக் கூடாது. சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெடுஞ்சாலை நெரிசலோடு கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மாத்திரை, இன்சுலின் நேரத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசியால் வேலை செய்யும் கணுவும் பெட் படத்தில் புற்றுநோய் மாதிரியே ஒளிரும். அதனால் புற்றுநோய் ஒரு பக்கம் இருந்தால் தடுப்பூசி எதிர்க் கையில் போட்டிருக்க வேண்டும். பெட் மருந்தை எந்தக் கையில் ஏற்றுவது என்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கை நரம்பிலிருந்து மருந்து கசிந்தால் அந்தப் பக்கத்துக் கணு வேறு ஒளிர்ந்து தொலைக்கும்.

எல்லாப் பழியையும் தடுப்பூசி மேல் போட்டுவிடவும் கூடாது. ஊசி போடாத பக்கம், கழுத்து, தொடை இடுக்கில் நெறி. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கணுக்கள். இதில் எது இருந்தாலும் காசநோயை முதலில் நினையுங்கள். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம். கணுவிலிருந்து மாதிரி எடுத்தால் ஒரு பங்கை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் சலைனில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டதில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் என்றால் மெல்லிய ஊசி போதாது. திசுத் துண்டோ முழுக் கணுவோ வேண்டும். சுண்ணாம்பு வெல்லப் பற்று மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோய், கணுவை விட்டுப் புண்ணைப் பார்க்க வேண்டி வரும்.

கைக்குழந்தைக்கு இடது அக்குளில் நெறி என்றால் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை யோசியுங்கள். இங்கே அது இடது மேல்கையில் போடப்படுகிறது; நெறி சில வாரமோ மாதமோ கழித்தும் வரும். கெட்டியாக, வலியில்லாமல், குழந்தை நன்றாகப் பால் குடித்தால் அதுவாகவே கரையும். சீழ் கோத்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். யாராவது கீறிவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீறின இடம் ஆறாமல் மாதக்கணக்கில் கசியும்.

கவுன்ட்டரில் கொடுக்கும் வழவழப்பான தாள் பிரிண்ட் நாளடைவில் வெளுத்துவிடும், வெளிநாட்டு டாக்டருக்கும் அது உதவாது. டைகாம் (DICOM, மருத்துவப் படங்களுக்கான கோப்பு) வடிவில் சி.டி.யோ பென்டிரைவோ கேளுங்கள். வாங்கியதும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, படம் திறக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு பொருந்துகிறதா, இடது வலது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.