சென், யாங், சுன்: அறுபதில் தொடங்குகிறவருக்கு எந்தத் தாய்ச்சி?

போர்க்கலையிலிருந்து வந்த சீன உடற்பயிற்சியான தாய்ச்சியில் எல்லாப் பாணியும் ஒன்றுதான் என்று நினைத்து, அருகில் நடக்கும் வகுப்பில் சேர்ந்து, முழங்கால் வீங்கியதும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாணிக்குப் பாணி உடலிடம் கேட்பது வேறு. அறுபது வயதைத் தாண்டி, லேசான மூட்டுவலியோடு முதன்முதலாகப் பழக வருகிறவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மூன்றில் மூத்தது சென் பாணி. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவானதாகச் சொல்லப்படுவது. மெதுவாகச் சுழன்று வந்து சட்டென்று ஒரு குத்து, தரை அதிர ஒரு மிதி, தொடை நடுங்கும் அளவுக்குத் தாழ்ந்த நிலை என்று போர்க்கலையின் வீரியம் இதில் குறையாமல் இருக்கிறது. மூட்டில் குறையில்லாத முப்பது வயதுக்காரர் தாராளமாகப் பழகலாம். நம்மவருக்கு வேண்டாம்.

யாங் பாணியைத் தொடங்கியவர், அதே கிராமத்தில் கற்று பெய்ஜிங்கில் கற்பித்த யாங் லூசான் (1799–1872). அவருடைய பேரன் யாங் செங்ஃபூ பரப்பிய வடிவத்தில் வேகம் சீரானது, அசைவுகள் அகன்றவை. இதிலிருந்து 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் 24 அசைவுகளைத் தொகுத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தத் தொகுப்புக்குத்தான் ஆசிரியர்களும் வீடியோக்களும் ஏராளம்.

சிக்கல் முழங்காலில்தான். யாங் பாணியில் காலை நீளமாக எடுத்துவைத்து, முன்காலை மடக்கி, அதில் எடையை இறக்குகிறோம். எடை இருக்கும்போதே பாதத்தைத் திருப்பினால் முறுக்கு முழுவதும் மூட்டில் விழும். மடங்கும் முழங்கால் கால்விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது. பாம்பு ஊர்வதுபோல் தரையோடு தாழும் அசைவு 24இல் உண்டு. மூத்தவர்கள் அதை நின்றபடியே செய்தால் போதும். அதற்கு விடாத ஆசிரியரிடம் நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

சுன் பாணியை உருவாக்கிய சுன் லூடாங் (1860–1933) வேறு இரண்டு சீனப் போர்க்கலைகளிலும் தேர்ந்தவர். இதில் நிலை உயரமானது. ஒரு கால் முன்னே போனால் மற்றது உடனே பின்தொடரும். அதனால் மடக்கிய காலில் எடை நெடுநேரம் தங்குவதில்லை. மூட்டுவாதக்காரர்களுக்காக ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் வகுத்த பயிற்சிக்கு அடித்தளம் சுன் பாணிதான். குறையும் உண்டு: ஆசிரியர் கிடைப்பது அரிது. நிற்கவே தள்ளாடுகிறவருக்கு அந்தத் தொடர்நடை முதலில் தடுமாற்றம் தரும்.

இதை வைத்து யாங் முழங்காலுக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2016இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பாதியினர் 12 வாரம் யாங் பாணி பழகினார்கள். மறுபாதியினருக்கு பிசியோதெரபி. வலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. பாணியைவிடச் சொல்லித்தரும் விதம் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கீழே விழும் அபாயம் கூடுதலாக உள்ள, 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களில் ஒரு குழுவுக்குக் கற்பித்தது 24இலிருந்து எடுத்த வெறும் 8 அசைவுகள். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 24 வாரம். வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களைவிட இவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. சமநிலை, தசைவலு, ஏரோபிக்ஸ் எல்லாம் கலந்த பயிற்சியோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. வாரத்துக்கொரு புது அசைவு என்று 24ஐயும் ஓட்டி முடிக்கிற ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே மூட்டுவலிதான் முதல் கவலை என்றால் சுன். விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்றால் யாங்கிலிருந்து ஏழெட்டு அசைவு. சுன் ஆசிரியர் கிடைக்காவிட்டால், உயர்ந்த நிலையில் செய்ய விடுகிற யாங் ஆசிரியர் போதும். முதல் சில மாதங்கள் வீடியோ மட்டும் பார்த்துப் பழக வேண்டாம், உங்கள் முழங்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்று அதற்குத் தெரியாது.