25 சுருட்டு, 15 வருடம்: பர்த்தகாஸ் டி நம்பர் 5, 2008 லிமிடெட் எடிஷன்

பர்த்தகாஸ் சீரி டி நம்பர் 5 என்ற கியூபச் சுருட்டு, 2008ஆம் வருடத்து எடிசியோன் லிமிட்டாடா, அதாவது லிமிடெட் எடிஷன். துபாயில் வேலை பார்த்த காலத்தில், 2009 ஜனவரியில், 25 சுருட்டு உள்ள முழுப் பெட்டியாக வாங்கினேன். இன்று அதில் இரண்டு மிச்சம். ஒவ்வொன்றைப் பற்ற வைத்தபோதும் தேதி, ருசி, எரிந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புற்றுநோய் வர அது காரணமாகிறது. எங்கள் தாத்தாவுக்கு உறையூர்ச் சுருட்டு, தினம் நாலைந்து. தொண்டையில் வந்துதான் போனார். முதல் வருடத்தை விட்டுவிட்டால் நான் வருடத்துக்கு இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொண்டதற்கு அவர்தான் காரணம். புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, சுருட்டுக்கு வருவோம்.

பர்த்தகாஸ் 1845இல் ஹவானாவில் ஹைமே பர்த்தகாஸ் என்ற கத்தலோனியர் தொடங்கிய பெயர். கியூபச் சுருட்டுகளில் காட்டமானவை என்று பேர் வாங்கியவை. சீரி டி வரிசையில் எல்லோருக்கும் தெரிந்தது நம்பர் 4. அதன் நீளம் 124 மில்லிமீட்டர். நம்பர் 5 அதே தடிமனில் 110 மில்லிமீட்டர் மட்டுமே. தடிமனை ரிங் கேஜ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. இது 50 ரிங், அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் குட்டையாக, கனமாக, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். 'சின்னச் சுருட்டு' என்றதும் தகர டப்பியில் வரும் மெல்லிய மிஷின் சுருட்டு நினைவுக்கு வரலாம். அவற்றில் பெரும்பாலும் நறுக்கிய தூள்தான் இருக்கும். இது நீள இலைகளை மடித்து வைத்துக் கையால் சுற்றியது.

லிமிடெட் எடிஷன் என்றால் என்ன வித்தியாசம்? கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபனோஸ் நிறுவனம் 2000ஆம் வருடத்திலிருந்து ஆண்டுக்குச் சில சுருட்டுகளை இந்தப் பெயரில் வெளியிடுகிறது. மேலே சுற்றும் இலையைச் செடியின் உச்சிப் பகுதியிலிருந்து எடுக்கிறார்கள். உச்சி இலை வெயிலை அதிகம் வாங்குவதால் தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துப்போகும். பாடம் பண்ண அதிக நாள் பிடிக்கும். அதைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருந்துதான் பயன்படுத்துகிறார்கள். 2007 முதல் உள்ளே வைக்கும் இலைகளுக்கும் அதே விதி. எனவே 2008 பெட்டியில் எல்லா இலையுமே இரண்டு வருடம் உறங்கியது. வழக்கமான சிவப்புப் பட்டைக்குக் கீழே, வருடம் போட்ட கறுப்புத் தங்கப் பட்டை ஒன்று இருக்கும், அடையாளம் அதுதான். பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும், பெட்டி கட்டிய மாதத்தின் ஸ்பானியச் சுருக்கமும், வருடமும் குத்தியிருக்கும். என் பெட்டியில் ஆகஸ்ட் 08.

முதல் நாள் மூடியைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. புதுத் தோல், மாட்டுத் தொழுவத்து வைக்கோல், கொஞ்சம் கொக்கோ. இலையின் நிறம் கிட்டத்தட்ட கருப்பட்டி நிறம், விரலில் எண்ணெய் ஒட்டியது. அந்த அழகில் மயங்கி 2009இல் மட்டும் ஏழு புகைத்துவிட்டேன். நோட்டில் பார்க்கிறேன்: ஏழில் ஐந்துக்கு எதிரே 'காட்டம், காட்டம்' என்றே எழுதியிருக்கிறேன். முதல் பத்து நிமிடம் மிளகு. அப்புறம் ஈர மண். பாதிக்கு மேல் இலையின் பச்சைக் கசப்பு எழுந்து நாக்கை மூடிவிடும். புதுப் புகையிலைக்கே உரிய அம்மோனியா நெடி மூக்கில் லேசாக ஏறும். வெறும் வயிற்றில் புகைத்த ஒரு நாள் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். "காட்டம் தொண்டையில நிக்கணும், தலைக்கு ஏறப்படாது" என்று தாத்தா சொல்வார். இது தலைக்கு ஏறியது. ஏழு சுருட்டையும் அந்த வயதில் எரித்தது வீண் என்றே இன்றைக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பெட்டியை மூடி வைத்தேன். 2010 முதல் 2012 வரை நான்கு மட்டும். ஒவ்வொரு முறையும் மிளகு கொஞ்சம் பின்வாங்கியது, அம்மோனியா போய்விட்டது. ஆனால் கடைசிப் பகுதி இன்னும் முரடாகவே இருந்தது.

இடையில், 2011இல், இதே அளவை வழக்கமான தயாரிப்பாகவே கொண்டுவந்தார்கள். கறுப்புப் பட்டை இல்லாமல், உச்சி இலை இல்லாமல். அதில் சிலவற்றை உதிரியாக வாங்கி, இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் புகைத்துப் பார்த்தேன். வழக்கமானதன் இலை வெளிர் பழுப்பு, ருசியும் சீக்கிரம் திறந்துகொள்கிறது: வறுத்த கடலை, மிளகு, மரத்தூள். ஒரு வருடம் வைத்தாலே புகைக்கத் தயார். லிமிடெட் எடிஷன் அந்த வயதில் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அன்று யாராவது கேட்டிருந்தால் வழக்கமானதையே வாங்கச் சொல்லியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து அந்த எண்ணம் மாறியது.

2013 முதல் 2016 வரை ஆறு புகைத்தேன். இந்தப் பெட்டியின் பொற்காலம் அது. அதிலும் 2014 டிசம்பரில் ஒன்று. துபாய் கராமாவில் எங்கள் வீட்டு பால்கனி, நல்ல குளிர், காற்று இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பற்ற வைத்த முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. மிளகு நாக்கின் நுனியில் மட்டும் லேசாக நின்றது. அதற்குப் பின்னால் கருப்பட்டி, கெட்டியான டிகாஷன், சுட்ட தேங்காய் ஓடு. நடுப்பகுதியில் இனிப்பு அடங்கி, மழை விழுந்த செம்மண்ணும் தோலும் வந்தன. கடைசி மூன்றில் ஒரு பங்கில், முன்பு கசப்பு எழும் அதே இடத்தில், கொக்கோப் பொடியின் வறண்ட கசப்பு. அது சுகமான கசப்பு. மைத்துனனிடம் நீட்டினேன். இரண்டு இழுப்பு இழுத்தான்.

"அத்தான், இது அன்னைக்கு எனக்குக் குடுத்த சுருட்டா? அது தொண்டையக் கிழிச்சுதே."

"அதே பெட்டிதான் மாப்ள. அஞ்சு வருஷம் தூங்கியிருக்கு."

அது 42 நிமிடம் எரிந்தது. சாம்பல் இரண்டு விரற்கடை நீளம் விழாமல் நின்றது.

இந்தச் சுருட்டின் குட்டைத்தனம் ஏன் முக்கியம் என்பதை அந்த வருடங்களில்தான் புரிந்துகொண்டேன். நீளச் சுருட்டில் நெருப்புக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் இலை புகையைக் குளிர வைக்கிறது, கொஞ்சம் வடிகட்டவும் செய்கிறது. 110 மில்லிமீட்டரில் அந்த வசதி சீக்கிரம் தீர்ந்துபோகும். பாதி தாண்டியதும் நெருப்பு உதட்டை நெருங்கிவிடுகிறது. அவசரமாக இழுத்தால் சூடு ஏறி, எல்லா ருசியும் கரியாகும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதுவும் மெதுவாக. இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால்தான் கடைசிப் பகுதி கிடைக்கும். 2009இல் எனக்குக் கசந்ததில் இலையின் இளமை பாதி, என் அவசரம் பாதி என்று இப்போது நினைக்கிறேன். பதிலுக்கு இது தருவது அடர்த்தி. பெரிய சுருட்டு ஒன்றரை மணி நேரம் எடுத்துச் சொல்வதை இது நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. வேலைக்குப் போகிற, வீட்டில் குழந்தை தூங்கப் பார்த்துக் காத்திருக்கிற ஒருவருக்கு அந்த நேரம்தான் கிடைக்கும்.

வெட்டும்போது தலைப்பகுதியின் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் போதும்; அதற்கு மேல் போனால் மேல் இலை பிரிந்துவிடும். தடித்த உச்சி இலை சட்டென்று பற்றாது. தீக்குச்சி என்றால் கந்தகம் எரிந்து முடியும்வரை பொறுத்து, தீ நேராகத் தொடாமல் அடிப்பகுதியைச் சுற்றிச் சுற்றி வாட்டி, பிறகு இழுக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் கோணலாக எரியும் தொல்லை முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

2016 கடைசியில் சென்னைக்குத் திரும்பினோம். இங்கேதான் இரண்டு சுருட்டை இழந்தேன். துபாயில் என் கவலை எல்லாம் ஏசி வறட்சி. திருவான்மியூரில் கடல் பக்கம், கவலை தலைகீழ். புதிதாக ஓர் ஈரப்பத மானி வாங்கி ஹியூமிடருக்குள், அதாவது சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டிக்குள் வைத்தேன். அது எப்போதும் 68 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். 2017 ஜூலையில் ஒன்றை எடுத்தேன். பஞ்சு போல் ஊதியிருந்தது. இழுப்பு அடைத்தது, மூன்று முறை அணைந்தது. பாதியில் மேல் இலை நீளவாக்கில் வெடித்தது. அடுத்ததைப் பார்த்தால் பற்ற வைக்காமலே அடியில் பிளந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன்.

அன்றே உப்புச் சோதனை செய்தேன். வாங்கிய நாளில் செய்திருக்க வேண்டியது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அது களிம்பு போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு எட்டு மணி நேரம் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 69 காட்டியது. அதாவது மாதக்கணக்கில் என் சுருட்டுகள் 74இல் ஊறிக்கொண்டிருந்தன. கியூப இலைக்கு 65 போதும் என்பது என் அனுபவம். உச்சி இலை சுற்றியதற்கு அதிலும் ஒன்றிரண்டு குறைந்தால் நல்லது, ஏனென்றால் எண்ணெய் இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்போது 65 சதவீதத்துக்கான இருவழி ஈரப்பதப் பொட்டலங்கள் (ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் இழுத்துக்கொள்ளும்) போட்டு, சிறிய ஒயின் ஃப்ரிட்ஜில் 18 டிகிரியில் வைத்திருக்கிறேன். வெப்பநிலையும் முக்கியம். 25 டிகிரியைத் தாண்டினால், இலையில் புகையிலை வண்டின் முட்டை இருந்தால் பொரிந்துவிடும். ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். சென்னைச் சித்திரையில் அலமாரிக்குள் வைப்பது பெரிய சூதாட்டம்.

ஹியூமிடருக்குள் பலகையாக அடிக்கும் மரத்தின் பெயர் ஸ்பானிய சீடர். பெயர்தான் சீடர், உண்மையில் அது மகோகனி குடும்பத்து அமெரிக்க மரம். நம் வேம்பும் அதே குடும்பம். இது தெரிந்த பிறகு பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனைக்கு அடியில் ஒரு வேப்பங்கசப்பைத் தேடுகிறேன். சில நாள் கிடைக்கிறது.

2018 முதல் 2024 வரை நான்கு புகைத்தேன். முதலாவது இன்னும் நன்றாகவே இருந்தது. கருப்பட்டி மெலிந்து, காய்ந்த இலையும் சீடரும் முன்னுக்கு வந்திருந்தன. 2020இல் ஒன்று: மென்மை, ஆனால் நடுப்பகுதியில் சொல்ல எதுவும் இல்லை. 2022இலும் 2024 பிப்ரவரியிலும் புகைத்தவற்றை என்னால் பாராட்ட முடியவில்லை. உறுத்தல் துளியும் இல்லை. தேயிலைத் தண்ணீர், பழைய மரப்பெட்டி, லேசான இனிப்பு. பர்த்தகாஸின் அந்த மண்ணும் மிளகும் எங்கோ போய்விட்டன. பட்டையை மறைத்துக் கொடுத்திருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பேன். ஊதிப்போன அந்த மாதங்கள் இந்தச் சரிவைக் கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் 2018இலேயே நோட்டில் 'இறங்குமுகம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த அளவுச் சுருட்டுக்கு ஐந்திலிருந்து எட்டு வருடம், அதுதான் என் கணக்கு. அதற்கு முன் இலை முரடு, அதற்குப் பின் அது தூங்கியே போய்விடுகிறது. 2013 முதல் 2016 வரை நான் ஆறே ஆறு புகைத்ததுதான் இந்தப் பெட்டியில் எனக்குள்ள பெரிய வருத்தம். லிமிடெட் எடிஷன், இனி கிடைக்காது என்று கையைக் கட்டிக்கொண்டேன். நன்றாக இருந்தபோது பத்துப் பன்னிரண்டு பேரோடு பகிர்ந்திருக்கலாம்.

இப்போது வாங்க நினைப்பவருக்கு: 2008 பெட்டி ஏலத்தில் கிடைத்தாலும் அங்கே கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள், ருசிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால். வழக்கமான டி நம்பர் 5 வாங்கி, மூன்று நான்கு வருடம் சரியான ஈரத்தில் வையுங்கள். கருப்பட்டி ருசி அதில் அவ்வளவு வராது. மண்ணும் வறுத்த கடலையும் வரும், அது நல்ல சுருட்டு. புதிய வருடத்து லிமிடெட் எடிஷன் ஏதாவது வாங்கினால், ஒன்றை மட்டும் உடனே புகைத்துக் குறிப்பு எழுதிவிட்டு, மீதியை ஐந்து வருடம் மறந்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டையும் இனி வைத்திருக்கப் போவதில்லை. மைத்துனன் மார்கழியில் வருகிறான். ஆளுக்கு ஒன்று. மொட்டை மாடியில் கடல் காற்று அடங்கும் நேரம் காலை ஆறரை. டிகாஷன் இறக்கி வைத்துவிட்டு அப்போதே பற்ற வைத்துவிடுவதாக இருக்கிறோம்.