வரப்பில் எழுத ஒரு மூடியில்லா இங்க் பேனா

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குப் பதினைந்து மா, அதாவது சுமார் ஐந்து ஏக்கர் நிலம். நடவுக்கு எத்தனை ஆள், யூரியா எத்தனை மூட்டை, எந்தத் தேதியில் தண்ணீர் வைத்தோம் எல்லாமே ஒரு சின்ன நோட்டில்தான் இருக்கும். வரப்பில் நின்றபடியே எழுதுவேன். இடது கையில் நோட்டு, வலது கையில் பேனா, மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வேன். அப்படி இரண்டு மூடிகள் சேற்றோடு போன பிறகு, 2021 குறுவைக்கு முன்னால் பைலட் கேப்லெஸ் வாங்கினேன். விலை பத்தாயிரத்துக்கு மேல். வாங்கும்போது கை கூசியது உண்மை.

பால்பாயிண்ட் போதாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். களத்து வேலை முடிந்த கையால் அழுத்தி எழுதினால் எனக்குக் கட்டைவிரல் வலிக்கும். இங்க் பேனாவைக் காகிதத்தில் வைத்தால் போதும், தானாக ஓடும்.

இந்தப் பேனா 1963இல் ஜப்பானில் வந்தது. முதலில் திருகும் வகை, அடுத்த ஆண்டே பொத்தானை அழுத்தும் வகை. பின்பக்கம் அழுத்தினால் முனையில் உள்ள ஒரு குட்டிக் கதவு திறந்து 18 காரட் தங்க நிப் வெளியே வரும். மறுபடி அழுத்தினால் உள்ளே போய்க் கதவு மூடிக்கொள்ளும். நிப் காயாமல் காப்பது அந்தக் கதவுதான். நடவு ஆட்களைக் கூட்டிவரும் அக்கா முதல் நாள் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மூடிய எங்க போட்டீங்க?" என்று சுற்றுமுற்றும் தேடினார். அழுத்திக் காட்டியதும் கையில் வாங்கிப் பார்த்தார்.

கிளிப் நிப் பக்கமே இருக்கிறது, சரியாக விரல் பிடிக்கும் இடத்தில். பையில் நிப் மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் மை இறங்கிக் கசியும், அதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பேனாவைச் சாய்த்துப் பிடிக்கும் என் தங்கைக்கு நான்கு வருடமாகியும் பழகவில்லை. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள்.

மை கொள்ளளவு குறைவு. கூட வரும் கன்வெர்டர், அதாவது மையை உறிஞ்சி நிரப்பும் சின்னக் குழாய், 0.4 மி.லி. அளவுதான் பிடிக்கும். அறுவடை நாளில் அது போதாது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் தராசில் ஏற ஏற நான் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது மை தீர்ந்தால் கணக்கு தப்பிவிடும். அதனால் 0.9 மி.லி. பிடிக்கும் காலி கார்ட்ரிட்ஜில் (மை அடைத்து விற்கும் பிளாஸ்டிக் குப்பி) ஊசி சிரிஞ்சால் மை ஏற்றிக்கொள்கிறேன். கார்ட்ரிட்ஜ் போடும்போது கூட வரும் உலோக உறையை மறக்காமல் மாட்டுங்கள். பொத்தான் தள்ளும் அழுத்தம் பிளாஸ்டிக்கில் நேராக விழக்கூடாது.

அப்புறம் மழை. ஐப்பசியில் சம்பா வயலைப் பார்க்கப் போய், சாதாரண நீல மையில் எழுதிய இரண்டு பக்கம் நனைந்து கரைந்துபோனது. உரக் கணக்கு மொத்தமும் அதில்தான் இருந்தது. அன்றே தண்ணீரில் கரையாத நிறமி மைக்கு மாறினேன். அதிலும் ஒரு தப்பு செய்தேன். தை அறுவடை முடிந்த களைப்பில் மூன்று வாரம் பேனாவைத் தொடவே இல்லை. எடுத்துப் பார்த்தால் நிப்பில் மை இறுகிக் கிடந்தது. தவறு என்னுடையதுதான், இந்த மை தினமும் எழுதுகிறவர்களுக்கானது. நல்லவேளையாக, உடலை நடுவில் திருகினால் நிப், அதற்கு மை கொண்டுவரும் ஃபீட், கார்ட்ரிட்ஜ் எல்லாம் ஒரே துண்டாகக் கழன்று வரும். சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, சிரிஞ்சால் பலமுறை தண்ணீர் அடித்த பிறகு பழையபடி எழுதியது. வெந்நீர் ஊற்றவே கூடாது. இப்போது மாதம் ஒருமுறை இப்படிக் கழுவிவிடுகிறேன்.

கோடையில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று நாள் சும்மா கிடந்தால் முதல் கோடு கொஞ்சம் வறண்டு வரும். இறுக்கித் திருகும் மூடி அளவுக்கு எந்தக் கதவும் காற்றை அடைக்காது. ஈரத்துணியில் நிப்பை ஒற்றினால் சரியாகிவிடும்.

கார்பன் வைத்து எழுதும் ரசீதுக்கு இதைத் தொடுவதில்லை, தங்க நிப் அந்த அழுத்தத்தைத் தாங்காது. யாராவது கையெழுத்துக்குப் பேனா கேட்டாலும் அதே காரணம்தான். சட்டைப் பையில் கூடவே ஒரு பால்பாயிண்ட் வைத்திருக்கிறேன், அதைத்தான் நீட்டுவேன்.