பேச்சு தாமதம் என்று போனால் நாக்கை வெட்டி அனுப்புகிறார்கள், கவனம்

பையனுக்கு இரண்டே கால் வயது, அம்மா அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. தெரிந்தவர் சொன்னதை நம்பி ஒரு பல் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார், "டங் டை, வெட்டாவிட்டால் பேச்சே வராது" என்றார். டங் டை என்றால் நாக்குக்கு அடியில் இருக்கும் ஜவ்வு நாக்கைச் சரியாக அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. மேலுதட்டிலும் இரண்டு கன்னத்திலும்கூட ஜவ்வு ஒட்டியிருக்கிறதாம், எல்லாம் சேர்த்து லேசரில் செய்ய 38,000 ரூபாய், அன்றைக்கே கட்டினால் குறைப்பார்களாம், என்னமோ ஆடித் தள்ளுபடி மாதிரி. குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்பிச் செய்துவிட்டோம். அதற்கப்புறம்தான் கொடுமை. புண் திரும்ப ஒட்டாமல் இருக்க தினமும் பல தடவை விரலை விட்டு நாக்கைத் தூக்கி இழுத்துவிடச் சொன்னார்கள். எங்கள் கை பக்கத்தில் வந்தாலே வாயை இறுக்க மூடிக்கொண்டு அலறுவான், சோறு இறங்கவில்லை, கஞ்சியும் பாலும்தான். போன் செய்தால் ரிசப்ஷனில் இருந்த பெண் "நார்மல்தான் சார்" என்று வைத்துவிடுவார். மாதங்கள் போயும் பேச்சு வரவில்லை. திரும்பப் போனதற்கு, மறுபடி ஒட்டிவிட்டது, பாதிக் கட்டணத்தில் இன்னொரு முறை செய்யலாம் என்கிறார்கள்!

கும்பிடு போட்டுவிட்டு அரசு மருத்துவமனை இ.என்.டி.க்குப் போனோம். காது டெஸ்ட் எடுத்ததும் தெரிந்துவிட்டது, இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் தேங்கியிருக்கிறது, அவனுக்கு நாம் பேசுவது பாதிதான் கேட்கிறது. அங்கே இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னதை எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும்: அம்மா, அப்பா, பாப்பா சொல்ல நாக்கை அசைக்கவே வேண்டாம், உதடு ஒட்டிப் பிரிந்தால் போதும். நாக்கு ஒட்டியிருந்தால் ர, ள, ழ குழறலாம், பேச்சே தொடங்காமல் போவதற்கு அது காரணம் ஆகாது. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்ன எங்கள் பாட்டியாவது 38,000 கேட்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். டங் டை பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை, கன்னத்து ஜவ்வை வெட்டவே கூடாது என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் நிபுணர் குழு 2020லேயே சொல்லிவிட்டது. கத்தரிக்கோலைவிட லேசர் மேல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பிறந்த குழந்தை தாய்ப்பாலைப் பிடிக்க முடியாமல் தாய்க்குக் காம்பு புண்ணாகிறது, பிடிக்கும் முறையைச் சரிசெய்தும் தீரவில்லை என்றால் அது வேறு விஷயம், நாக்கடி ஜவ்வைச் சில நொடிகளில் வெட்டிவிட்டு உடனே பால் கொடுக்கச் சொல்வார்கள்.

பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைப் பாருங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள். எந்த கிளினிக்காக இருந்தாலும், எந்த ஜவ்வு, எதற்காக என்று தனித்தனியாக எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் "லேசர் சிகிச்சை" என்று ஒரே வரி, அதை வைத்துக்கொண்டுதான் பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.